கேரவன் ஸ்லைடு ரூம் கோணலாக வெளியே வருகிறது, முன்பக்கம் பின்தங்குகிறது. நாமே பிரித்துச் சரி செய்யலாமா?

கொழிஞ்சாம்பாறை லேத்:

எல்லோருக்கும் வணக்கம்ங்க.

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், செங்கல் சூளை மிஷின் ரோலர் என்று 22 வருஷமாக இதே வேலை. இரும்பு வேலைக்குப் பயமில்லை. ஆனால் இப்போது கையில் இருப்பது நான் இதுவரை பிரித்துப் பார்க்காத சாமான். அதனால்தான் கேட்கிறேன்.

போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய கேரவன் வாங்கினேன். பல வருஷம் ஷூட்டிங்குக்கு ஓடிய வண்டி. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தபோது ஒருவர் அதற்காக வாங்கியிருக்கிறார். அதற்கு அரசு கேட்ட வசதிகளை இந்த வண்டியில் சேர்க்க முடியாமல் தென்னந்தோப்பிலேயே நிறுத்திவிட்டார். இரண்டு மழைக்காலம் அப்படியே நின்றது. அவரிடமிருந்து நான் வாங்கியது என் அம்மாவுக்காக. 74 வயது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார முடியாது. அங்கங்கே நிறுத்தி ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுத்தால்தான் அடுத்த ஊருக்குப் போக முடியும். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும், அம்மாவும் கூட வர வேண்டும். பொள்ளாச்சி, பழனி, மதுரை என்று நிறுத்தி நிறுத்திப் போவதாகத் திட்டம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

வண்டியின் க்ளீனர் பக்கம் ஒரு ஸ்லைடு ரூம் இருக்கிறது. ஏழரை அடி நீளம், உள்ளே கட்டில். நிறுத்திய பிறகு சுவிட்சைப் போட்டால் அந்தப் பகுதி மட்டும் 55 சென்டிமீட்டர் வெளியே போகும். உள்ளே நடக்க இடம் கிடைக்கும், அம்மா வாக்கரோடு திரும்ப முடியும். அந்த 55 சென்டிமீட்டர் இல்லாவிட்டால் இந்த வண்டி எங்களுக்குப் பயனே இல்லை.

இது வெளிநாட்டுச் சாமான் இல்லை, உள்ளூரில் கட்டியது. தரைக்கு அடியில் 60-க்கு 60 சதுரக் குழாய் இரண்டு, அதற்குள் 50-க்கு 50 குழாய் வழுக்கி வெளியே வருகிறது. உள்குழாயின் அடியில் ரேக் பல், அதாவது நீளவாக்கில் நேராக ஓடும் பல் வரிசை. அதைக் கடித்துச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் சேர்க்கும் 25 மில்லி ஷாஃப்ட். நடுவில் ஒரு 12 வோல்ட் வார்ம் கியர் மோட்டார், செயின் வழியாக ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. பேட்டரி தனி, 150 ஏ.எச். டியூபுலர்.

தொல்லை இதுதான். வெளியே போகும்போது பின்பக்கம் முதலில் போகிறது, முன்பக்கம் நாலு விரல் அளவு பின்தங்குகிறது. மோட்டார் முனகுகிறது. போன வாரம் உள்ளே இழுக்கும்போது முன்பக்கம் முழுக்க நின்றேவிட்டது. நாலு பேர் வெளியே நின்று தோள் கொடுத்துத் தள்ளி உள்ளே ஏற்றினோம். இப்போது லாரி பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அதற்கு மேல், மழை. இங்கே ஆனி ஆடியில் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். கட்டிலின் முன்கால் நிற்கிற மூலையில் தரை கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு பாடி பட்டறையில் போனில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலேயே, மோட்டார் போச்சு, இரண்டு மோட்டாராகப் போட்டுவிடலாம் என்றார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்ன கெட்டது என்றே தெரியாமல் மாற்றுவதற்கு மனசு ஒப்பவில்லை. யாராவது இந்த மாதிரி ஸ்லைடு பிரித்திருக்கிறீர்களா? எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

வாளையார் டிரைவர்:

ரேக் பல் எல்லாம் கிரீஸ் நன்றாக அப்பிவிடுங்க. ரெண்டு தடவை உள்ளே வெளியே போட்டால் சரியாகிவிடும். எங்க முதலாளி வண்டியில் அப்படித்தான் செய்தோம்.

குமுளி ஜீப் எலக்ட்ரிகல்:

அண்ணே வணக்கம். குமுளியில் ஏலத்தோட்டத்து ஜீப்புகளுக்கு வயரிங் பார்க்கிறவன். கேரவன் ஒன்றிரண்டு தேக்கடி வரும்போது கை வைத்திருக்கிறேன்.

மோட்டாரைக் கழற்றாதீங்க, முதலில் மீட்டரை எடுங்க. ஆனால் ஒரு விஷயம். மோட்டார் ஓடாமல் சும்மா இருக்கும்போது பார்த்தால் 12.6 காட்டும், எல்லாம் நல்லா இருக்கு என்று தோன்றும். அது ஒன்றும் சொல்லாது. ஒருத்தரைச் சுவிட்ச் அழுத்தச் சொல்லிவிட்டு, மோட்டார் பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் இரண்டு முனையில் வோல்ட் பாருங்க. அதே நேரத்தில் பேட்டரி முனையில் எவ்வளவு என்றும் பாருங்க. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காணாமல் போகிறதோ அதுதான் வயரிலும் ஜாயின்டிலும் தின்கிற வோல்ட்.

அதற்கப்புறம் அந்த இழப்பைப் பிரிக்கணும். மீட்டரின் ஒரு குச்சியைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை மோட்டார் பிளஸ்ஸிலும் வைங்க, மோட்டார் ஓடணும். அதில் வருவது பிளஸ் பக்கத்து இழப்பு. அதே மாதிரி மைனஸுக்கு மைனஸ். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தேடினால் போதும், பாதி வேலை மிச்சம். ரூமின் போக்கு ரெண்டு பக்கமும் மாறுவதால் ரிலேயில் பிளஸ் மைனஸ் திரும்பும், அதை மனசில் வைச்சுக்கோங்க. வெளியே போகும்போது மட்டும் அளந்தால் குழப்பம் இல்லை.

டி.சி. கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஆம்பியரும் எழுதுங்க. வயர் எத்தனை ஸ்கொயர் மில்லி, எத்தனை மீட்டர் என்றும் சொல்லுங்க. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ரூம் நகரும்போது கையையோ தலையையோ இடையில் விடாதீங்க, அம்மா உள்ளே இருக்க வேண்டாம். அடியில் படுத்துப் பார்ப்பதாக இருந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கிட்டுப் படுங்க.

கொழிஞ்சாம்பாறை லேத்:

குமுளி அண்ணா, ரொம்ப நன்றிங்க. நீங்கள் சொன்னபடியே செய்தேன். பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்தேன். என் பையன் சுவிட்ச், நான் மீட்டர்.

மோட்டார் இழுக்கும்போது பேட்டரியில் 12.1. மோட்டார் முனையில் 10.2. இடையில் 1.9 வோல்ட் போகிறது. பிரித்துப் பார்த்ததில் பிளஸ் பக்கம் 0.6, மைனஸ் பக்கம் 1.3. ஓடுகிற ஆம்பியர் 28. பிளஸ் வயர் 6 ஸ்கொயர், ஏழு மீட்டர் இருக்கும். மைனஸுக்குத் தனி வயரே இல்லை, சேசிஸ் சட்டத்தில் ஒரு போல்ட்டில் எர்த் கொடுத்திருக்கிறார்கள்.

வாளையார் நண்பரே, கிரீஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. பல்லில் ஏற்கெனவே பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து தார் மாதிரி அப்பியிருக்கிறது. அதையே சுரண்ட வேண்டியிருக்கிறது.

குமுளி ஜீப் எலக்ட்ரிகல்:

அண்ணே, பிளஸ் பக்கம் சரியாகத்தான் இருக்கு. 6 ஸ்கொயர் செம்பு வயர் ஏழு மீட்டருக்கு ஏறக்குறைய 0.02 ஓம். 28 ஆம்பியரால் பெருக்கினால் 0.56. நீங்க பார்த்த 0.6-க்கு ஒட்டி வருது. அது வயரோட இயல்பு, ஜாயின்ட் கெட்டது இல்லை. 16 ஸ்கொயர் போட்டால் பாதிக்கும் கீழே வந்துடும், அது உங்க விருப்பம்.

மைனஸில் 1.3 போகிறது, அதுதான் நோய். அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்க. கட்டாயம் பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பாங்க, இல்லாட்டி வயர் முனையில் இருக்கிற லக் பச்சை பிடிச்சிருக்கும். எமரி போட்டு வெள்ளை இரும்பு தெரியறவரை தேய்ங்க, புது லக் அமுக்கிப் போடுங்க. முடிஞ்சால் பேட்டரி மைனஸிலிருந்து மோட்டாருக்குத் தனி வயரே இழுத்துடுங்க.

ஆனால் ஒன்று சொல்றேன். மோட்டார் ஒன்றுதானே, ஷாஃப்ட்டும் ஒன்றுதானே? வோல்ட் குறைந்தால் ரெண்டு பக்கமும் சேர்ந்து மெதுவாகணும். ஒரு பக்கம் மட்டும் பின்தங்குவதற்குக் காரணம் கரண்ட் இல்லை. அதை இரும்பு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கரூர் பஸ் பாடி, பணி ஓய்வு:

தம்பி, கரூரில் 31 வருஷம் பஸ் பாடி கட்டினவன் நான். சொந்த ஊர் வேலந்தாவளம்தான், உங்க பட்டறையைக் கடந்து போயிருப்பேன். இப்போது வயசாகி ஊரிலேயே இருக்கிறேன்.

குமுளிக்காரர் கடைசியில் சொன்னதுதான் சரி. ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு பினியன் இருந்தால் ஒன்று மட்டும் பின்தங்க முடியாது. பின்தங்குகிறது என்றால் அந்தப் பினியன் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றவில்லை, இல்லாவிட்டால் ரேக்கில் பல் தாண்டுகிறது. இரண்டில் எது என்று பிரிக்காமலேயே கண்டுபிடிக்கலாம்.

வீட்டில் நகப்பூச்சு இருக்கும். முன்பினியன் முகத்திலிருந்து ஷாஃப்ட் மேல் வரை ஒரே கோடாக இழுங்க, பின்பக்கமும் அதே மாதிரி. காய்ந்த பிறகு ஒரு தடவை ரூமை வெளியே விட்டுப் பாருங்க. கோடு ஒடிந்து தள்ளி நின்றால் உள்ளே பினியனையும் ஷாஃப்ட்டையும் பூட்டுகிற கீ என்கிற இரும்புத் துண்டு போச்சு, கிரப் ஸ்க்ரூ என்கிற தலையில்லாத ஸ்க்ரூ மட்டும் பிடித்துக்கொண்டு வழுக்குகிறது. கோடு நேராக இருந்தும் பின்தங்கினால் பல் தாண்டுகிறது.

கூடவே டேப்பும் எடுங்க. வெளிச்சட்டத்துக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் பாருங்க, சும்மா கடைசியில் மட்டும் இல்லை, 15 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி எழுதுங்க. வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் வழுக்கல். ஒரே இடத்தில் திடீரென்று குதித்தால் பல். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு இருந்தால் அது வழுக்கலும் இல்லை பல்லும் இல்லை, கட்டினபோதே கோணல்.

சரி, இதெல்லாம் என்ன உடைந்தது என்று சொல்லும். ஏன் உடைந்தது என்று சொல்லாது. பட்டறையில் அறுபது தடவை பார்த்தது இது, உடைந்ததை மட்டும் மாற்றி அனுப்பினால் வண்டி ஆறு மாதத்தில் திரும்ப வாசலில் நிற்கும். நீங்கள் எழுதியதில் என் மனசில் நிற்பது ஒரே வரிதான். முன்மூலையில் தரை மெத்தென்று இருக்கிறது என்றீர்கள். பின்தங்குவதும் முன்பக்கம், தரை மெத்தென்று இருப்பதும் முன்பக்கம். இரண்டும் தனித்தனி நோய் இல்லை.

வாசற்படி மாதிரி பாடியில் ஒரு அலுமினியப் பட்டை இருக்கும், அதன் மேல்தான் ரூமின் தரை தாண்டிப் போகும். அங்கே முன்மூலையில் டார்ச் அடித்துப் பாருங்க. உரசின தடம் பளபளவென்று இருந்தால் மூலை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தரைக்கு அடியிலிருந்து பிளைவுட்டில் குத்துங்க. நல்ல பிளை முனையை உள்ளே விடாது.

கிரீஸ் போடச் சொன்ன தம்பிக்கும் ஒரு வார்த்தை. வெளியே நிற்கிற பல்லில் கிரீஸ் போட்டால் ரோட்டு மண் ஒட்டி அதுவே அரம் மாதிரி தேய்க்கும். துடைத்துவிட்டு, காய்ந்துபோகிற ரகத்து ஸ்ப்ரே போதும். ரூமைச் சுற்றி மழையை அடைக்கிற ரப்பரில் எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவுமே ஆகாது, ஈ.பி.டி.எம். ரப்பர் ஊதிப்போகும். அதற்கு சிலிகான் ஸ்ப்ரே.

களியக்காவிளை, இப்போது அரிசோனா:

அண்ணே, எனக்கு ஊர் களியக்காவிளை. ஒன்பது வருஷமா அமெரிக்காவில். ஒரு பழைய மோட்டார் ஹோம் வைத்திருக்கிறேன், அதில் இரண்டு ஸ்லைடு, இரண்டையும் நானே பழுது பார்த்திருக்கிறேன்.

இங்கே பல ரகம் உண்டு. உங்களுடையது மாதிரி அடியில் ரேக் பினியன், அப்புறம் ஹைட்ராலிக், கம்பி இழுக்கிற ரகம். இப்போது ரொம்பப் பரவலாக இருப்பது ஷ்வின்டெக் என்கிற சுவரோடு சேர்ந்த ரகம். அதில் இரண்டு பக்கச் சுவரிலும் ஆளுக்கொரு மோட்டார், நடுவில் ஷாஃப்ட் கிடையாது. இரண்டு மோட்டாரும் சமமாகப் போகிறதா என்று ஒரு கன்ட்ரோலர் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை தப்பினால் ரூம் கோணும், நின்றுவிடும். அப்போது அந்தக் கன்ட்ரோலரின் மோட் பொத்தானை ஆறு தடவை சட்சட்டென்று அழுத்தி, ஏழாவது தடவை விடாமல் பிடித்தால் சிவப்பும் பச்சையும் மின்னும், பிறகு சுவர் சுவிட்சால் உள்ளே இழுக்கலாம். இதைப் பார்த்துவிட்டு உங்களிடம் யாராவது இரண்டு மோட்டார் போடலாம் என்று சொல்லியிருக்கலாம். தயவுசெய்து போடாதீங்க. கன்ட்ரோலர் இல்லாமல் இரண்டு மோட்டார் போட்டால் இரண்டும் தன் இஷ்டத்துக்குத்தான் ஓடும். ஒரு ஷாஃப்ட் இரண்டு பக்கத்தையும் கட்டிப் பிடித்திருப்பது உங்களுக்கு வரம்.

எனக்கு இங்கே உபயோகமான ஒரு விஷயம். அடியில் ரேக் உள்ள வண்டிகளில் ஷாஃப்ட்டின் ஒரு முனையை அறுகோணமாக வைத்திருப்பார்கள், முக்கால் இஞ்ச் சாக்கெட் போட்டுக் கையால் சுற்றி ரூமை உள்ளே எடுக்க. நடுவழியில் மோட்டார் நின்றால் அதுதான் காப்பாற்றும். நீங்க லேத் வைத்திருக்கிறீங்க, ஒரு 19 மில்லி தலையை ஷாஃப்ட் முனையில் சேர்த்துவிடுங்க. ஆனால் உங்க மோட்டார் வார்ம் கியர். அதை ஷாஃப்ட் பக்கத்திலிருந்து சுற்ற முடியாது. முதலில் செயினைக் கழற்றினால்தான் கை சுற்றும். செயின் லிங்க் எடுக்க கை போகிற மாதிரி ஒரு ஓட்டை வைச்சுக்கோங்க.

இன்னொன்று கேட்கணும். கீ உடைந்திருந்தால் அதைவிட பலமான கீ போடத்தான் கை போகும். இங்கே சில ரகத்தில் வேண்டுமென்றே பலவீனமான ஷியர் பின் வைப்பார்கள், எங்காவது சிக்கினால் பெரிய சாமான் உடையாமல் அது உடையட்டும் என்று. பலமான கீ போட்டால் சிக்கும்போது நிறுத்துவதற்கு வேறு ஏதாவது வேணும்.

கொழிஞ்சாம்பாறை லேத்:

நாலு நாளாக வேலையில் மூழ்கிவிட்டேன், மன்னிக்கணும். பார்த்ததையெல்லாம் சொல்கிறேன்.

முதலில் எர்த் போல்ட். குமுளி அண்ணா கண்ணால் பார்த்த மாதிரிச் சொல்லியிருக்கிறீர்கள். பெயின்ட் மேலேயே வாஷர், வாஷருக்கு அடியில் துரு, லக் முழுக்கப் பச்சை. தனியாக 16 ஸ்கொயர் வயர் இழுத்துவிட்டேன். இப்போது மைனஸ் பக்கம் 0.2 தான். மோட்டார் முனையில் 11.3 வருகிறது. முனகல் குறைந்தது, ஆனால் முன்பக்கம் அதே மாதிரி பின்தங்கியது.

அப்புறம் என் மனைவியின் நகப்பூச்சு. சிவப்புக் கோடு இழுத்துக் காயவைத்து ரூமை வெளியே விட்டோம். பின்பக்கம் 15 சென்டிமீட்டர் போனபோது முன்பக்கம் 14.1. முப்பதில் 27.8. நாற்பத்தைந்தில் 40.5. நிறுத்திவிட்டு பேட்டரியைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன். பின்பினியனில் கோடு நேராக இருக்கிறது. முன்பினியனில் கோடு இரண்டாக ஒடிந்து, ஷாஃப்ட்டில் உள்ள துண்டு ஒரு இடத்திலும் பினியனில் உள்ள துண்டு அரை விரல் தள்ளியும் நிற்கின்றன. அதைப் பார்த்தவுடன் எனக்கு இருந்த பயமே போய்விட்டது. இது என் சாமான். பம்ப்செட் இம்பெல்லரில் நூறு தடவை பார்த்த தேய்மானம்.

கழற்றிக் கையில் எடுத்தேன். 25 மில்லி ஷாஃப்ட்டுக்கு 8 மில்லி கீ போடுவதுதான் வழக்கம். இதில் 6 மில்லி போட்டிருக்கிறார்கள், அதுவும் சாதாரண இரும்புச் சதுரக் கம்பி. ஷாஃப்ட் எல்லையில் கத்தியால் அறுத்தது போல இரண்டாகக் கிடந்தது. கீழ்ப்பாதி ஷாஃப்ட் பள்ளத்தில், மேல்பாதி பினியனில். கிரப் ஸ்க்ரூ முனை ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு மோதிரம் மாதிரி வெள்ளைத் தடம் போட்டிருந்தது. எத்தனை நாள் அப்படிச் சுற்றியதோ.

ஆனால் கரூர் ஐயா, நீங்கள் சொன்ன இடத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது. வாசற்படிப் பட்டையில் முன்மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியம் பளபளவென்று உரசிக் கிடக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை அடியிலிருந்து பிளையில் வைத்தேன், குத்தவே இல்லை, வைத்தேன், அவ்வளவுதான். பிடிவரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது தேநீரில் நனைத்த ரஸ்க் மாதிரி கருப்பாக வந்தது. அதே இடத்துக்கு நேர் மேலேதான் அம்மாவின் கட்டில் கால். போன மாதம் அம்மா அங்கே படுத்திருந்தார்.

உள்குழாயோடு தரையைப் பிடிக்கிற போல்ட்டின் வாஷர் பிளைக்குள் புதைந்து போய்விட்டது. அதனால் மூலை 14 மில்லிமீட்டர் இறங்கி பட்டையில் உரசிக்கொண்டே நகர்ந்திருக்கிறது. அந்த உரசலைத் தள்ளித் தள்ளித்தான் கீ அறுந்தது. தண்ணீர் எப்படி வந்தது என்றும் கண்டுபிடித்தேன். கீழ்மூலையில் இரண்டு ரப்பர் பீடிங்கும் சேர்கிற இடத்தில் ஒரு இஞ்ச் கிழிசல். வெளியே இருக்கும்போது சுவரில் வழிகிற தண்ணீர் முழுவதும் தரை விளிம்பில் வந்து நிற்கிறது, விளிம்பில் பிளை வெறும் மரமாக, சீல் எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறது.

கரூர் பஸ் பாடி, பணி ஓய்வு:

தம்பி, கட்டிலைக் கீழே இறக்கிவிட்டு வேலையை ஆரம்பிங்க. தரைக்கு அடியில் குறுக்கே நல்ல பலகை வைத்து, அதற்கு அடியில் பாட்டில் ஜாக்கி கொடுத்து அந்த 14 மில்லியைத் தூக்கி நிறுத்துங்க. ஒரே மூச்சில் தூக்காதீங்க, சுவர் ஜாயின்ட் விரியும்.

கெட்டுப் போனதைத் தாண்டி ஒரு சாண் நல்ல பிளை வரைக்கும் வெட்டி எடுங்க. ஈரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்காது. புதுசு 710 முத்திரை உள்ள மரைன் பிளை, 19 மில்லி. 303 முத்திரை போட்டது வேண்டாம், அது வீட்டு அலமாரிக்கு. வெட்டின விளிம்புக்கும் ஒவ்வொரு போல்ட் ஓட்டைக்கும் எபாக்சி மூன்று கோட், ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. பிளை வெட்டுமுகம்தான் தண்ணீர் குடிக்கும், மேல்முகம் இல்லை. போல்ட்டுக்கு வாஷர் போதாது, 5 மில்லி பட்டையில் உள்ளங்கை அளவு தகடு வெட்டி வைங்க, பாரம் பரவட்டும்.

ஜாயின்ட் அடைக்க பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட். புளிச்ச வாடை வருகிற சிலிகான் வேண்டாம், அது காயும்போது அமிலம் விடும், இரும்பையும் செம்பையும் அரிக்கும். கடைசியில் தரையின் வெளிவிளிம்பில் ஒரு அலுமினிய ஆங்கிள் வைத்து, முனை அரை இஞ்ச் கீழே தொங்குகிற மாதிரி விடுங்க. சுவரில் வருகிற தண்ணீர் அந்த முனையில் சொட்டிவிடும், பிளைக்குத் திரும்பாது. இந்த ஒரு துண்டு ஆங்கிளைக் கட்டினவர் வைத்திருந்தால் உங்களுக்கு இத்தனை வேலை இல்லை.

கொழிஞ்சாம்பாறை லேத்:

வேலை முடிந்ததுங்க. மூன்று வாரம் ஆகிவிட்டது, பகலில் பட்டறை, ராத்திரியில் வண்டி.

இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி பிளை வெட்டி மாற்றினேன். ஐயா சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே. ஜாக்கியை ஒரு நாளைக்கு ஐந்து மில்லியாக மூன்று நாளில் தூக்கினேன். மூன்றாம் நாள் காலையில் ரூமின் மேல்மூலையில் இருந்த விரிசல் தானாக மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அதைச் சுவரில் வந்த விரிசல் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷாஃப்ட்டைப் புதிதாகவே இ.என்.8 ரக எஃகில் கடைந்துவிட்டேன். இரண்டு பினியனிலும் ஷேப்பரில் 8 மில்லி கீவே வெட்டி, இ.என்.8 கீ. கிரப் ஸ்க்ரூவுக்கு ஷாஃப்ட்டில் குழி போட்டு, லாக் திரவம் விட்டு முடுக்கினேன். ஷாஃப்ட்டின் பின்முனையில் 19 மில்லி அறுகோணம் கடைந்திருக்கிறேன். அரிசோனா தம்பி சொன்னபடி செயினைக் கழற்றிவிட்டு ராட்செட்டில் சுற்றிப் பார்த்தேன். என் பையன் 15 வயசு, தனியாகச் சுற்றி உள்ளே எடுத்துவிட்டான்.

இப்போது ரூம் முழுக்க வெளியே போகும்போது முன்னும் பின்னும் 2 மில்லிகூட வித்தியாசம் இல்லை. ஆம்பியர் 28-லிருந்து 16-க்கு வந்துவிட்டது. அதே மோட்டார்தான், எதுவும் மாற்றவில்லை. பலமான கீ போட்டிருப்பதால் மோட்டார் லைனில் 25 ஆம்பியர் பிரேக்கர் வைத்தேன். ஒரு கட்டையை வேண்டுமென்றே இடையில் வைத்து ரூமை உள்ளே இழுத்துச் சோதித்தேன், மூன்று நாலு விநாடியில் விழுந்தது.

ஓட்டும்போது ரூம் தானாக நழுவக் கூடாது என்பதற்காக உள்ளே இரண்டு மூலையிலும் பின் போட்டுப் பூட்டுகிற கொக்கி வைத்திருக்கிறேன். மூடின நிலையில் வண்டி அகலம் 2.45 மீட்டர், அனுமதி 2.6 வரை, அதனால் அந்தக் கவலை இல்லை.

நேற்று சாயங்காலம் நல்ல காற்று மழை. ரூமை வெளியே விட்டு, உள்ளே மூலையில் பழைய செய்தித்தாள் விரித்துவிட்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் தாள் மொறமொறவென்று இருக்கிறது. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து காலால் அந்த மூலையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். கெட்டியாத்தான் இருக்கு என்றார். இன்று காலையிலேயே எள்ளும் தர்ப்பையும் எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார்.

வாளையார் டிரைவர்:

அண்ணா, எங்க முதலாளி வண்டியிலும் கீழ்மூலை பீடிங் கிழிந்துதான் இருக்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். தரை இன்னும் கெட்டியாக இருக்கிறது. பீடிங் என்ன அளவு, எங்கே கிடைக்கும்?

கொழிஞ்சாம்பாறை லேத்:

பழையதில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போங்க, அளவு சொல்லிக் கேட்டால் மாறிவிடும். பஸ் பாடிக்குச் சாமான் விற்கிற ரப்பர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். உள்ளே குழல் மாதிரி இருக்கிற ரகம் ஒன்று, நாக்கு மாதிரி தொங்குகிற ரகம் ஒன்று, இரண்டும் வேணும். மூலையில் வளைக்காதீங்க, 45 டிகிரி வெட்டி ஒட்டுங்க. என்னுடையதில் வளைத்த இடத்தில்தான் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, வண்டியைக் கொண்டுவந்தால் சேர்ந்து ஒட்டிவிடலாம்.